பழ ஈயும் என் மகனும்

மருமகள் கோபித்துக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கூட்டிக்கொண்டு வரச் சொல்லி மகன் என்னை அனுப்பினான். துரை நேரில் போக மாட்டாராம். கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. மலடி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். அதுதான் சண்டை.

அவள் வேலை பார்க்கும் லேபுக்கே போனேன். பழ ஈ வளர்க்கிற இடம். எங்கும் புளித்த வாடை. மயக்கின ஈக்களைத் தட்டில் கொட்டி, மெல்லிய பிரஷ்ஷால் ஆண் பெண் என்று ஒதுக்கிக்கொண்டிருந்தாள். இதற்கும் சம்பளம் கொடுக்கிறான் ஒருத்தன்!

"வாங்க மாமா. தூது வந்தீங்களா?"

"வீட்டுக்கு வாம்மா. ஈ எங்கே ஓடிடப்போகுது?"

அவள் இரண்டு குப்பிகளைக் காட்டினாள். "ரெண்டும் வேற வேற இனம், ஆனா பங்காளிங்க. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆண் ஈ சேரும்போது விந்தோட சில புரதமும் உள்ளே போகும். அது பெண்ணை வேற ஆண் பக்கம் திரும்ப விடாது, நிறைய முட்டை போட வைக்கும், ஆயுசையும் குறைக்கும். பெண்ணோட உடம்பு சும்மா இருக்குமா? அதைச் சமாளிக்கத் தலைமுறை தலைமுறையா மாறும். ஆணோட புரதமும் விடாம மாறும். இந்த இழுபறி ஒவ்வொரு இனத்துலயும் ஒவ்வொரு வழியில போயிடுச்சு. இப்போ இதுல ஆணையும் அதுல பெண்ணையும் சேர்த்தா, பெரும்பாலும் வாரிசு வராது, வீண்தான்."

"அப்போ குறை பெண்கிட்டயா?"

"எடுத்த எடுப்புல அப்படிச் சொல்ல மாட்டோம் மாமா. ரெண்டு பக்கமும் சோதிப்போம். ஈக்குக் கிடைக்கிற நியாயம் எனக்குக் கிடைக்கலை. நான் எல்லா டெஸ்டும் பண்ணிட்டேன், ஒரு குறையும் இல்லை. உங்க பிள்ளை ஒரு தடவை டாக்டர்கிட்ட வரட்டும். அன்னிக்கே வர்றேன்."

ஈக் கதையை நான் நம்பவில்லை. படித்தவர்கள் எதை வேண்டுமானாலும் சொல்வார்கள். ஆனால் கடைசியில் கேட்டது நியாயம்.

மகனிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கா டெஸ்ட்? வேற ஒருத்தியைக் கட்டினா தெரிஞ்சிடும், யாருக்குக் குறைன்னு. அதுவரைக்கும் சோறு யார் ஆக்கறது? அவளை இழுத்துட்டு வரத் துப்பில்லையா உங்களுக்கு?"

சமையலறைக்குப் போய் அவளுக்குப் போன் போட்டேன்.

"சம்மதிச்சாரா மாமா?" குரலில் ஆசை இருந்தது. பாவிமகள்.

"இல்லை. நீ வராதேம்மா."



"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் பெத்தது, நான் அனுபவிக்கிறேன். உனக்கு என்ன தலையெழுத்து?"

போனை வைத்துவிட்டு அரிசியைக் களைந்தேன். அடுத்த அறையிலிருந்து அதட்டல் வந்தது, "இன்னுமா உலை வைக்கலை?"