ஒரு எட்டு

...பக்கம்தான் என்று இந்த வீட்டிலும் சொல்லிவிட்டார்கள், இரண்டாவது வீடும் போயிற்று, அதுவும் எப்படி, சிரித்த முகத்தோடு, உட்கார மணை போட்டு, வெந்நீர் கொடுத்து, பக்கம்தான் சார், கைவீசி நடந்தா வந்துரும் என்று... கணக்கெடுப்பு சாரும் தலையை ஆட்டிக்கொண்டே முதல் கட்டத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டுவிட்டார், ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத்துக்குள்ளாம். இந்த மனிதர் நேற்று விடிந்தும் விடியாமலும் அதே ஆஸ்பத்திரி வாசலில் ஜீப்பை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தவர், வழியெல்லாம் மழை, ஆற்றங்கரையில் தண்ணீர் வடியட்டும் என்று காத்துக் கிடந்து, கால்சட்டையைக் காலுறைக்குள் திணித்தும் பயனில்லாமல், பொழுது சாயும்போது வந்து என் வாசலில் சாய்ந்தார், இரண்டு காலிலுமாகப் பதினோரு அட்டை, உப்பு வைத்து எடுத்தவள் நான், எண்ணியவளும் நான். நீங்களே நடந்து வந்தீங்களே சார், அதை எழுதக் கூடாதா என்று கேட்டால், நான் நடந்தது கணக்குல வராதுங்க, வீட்டுக்காரங்க வாயால என்ன சொல்றாங்களோ அதைத்தான் எழுதணும், நீங்க எடுத்துக் கொடுக்கவும் கூடாது, அப்புறம் இந்தத் தாளே செல்லாது என்கிறார். தன் காலில் காய்ந்த ரத்தம், கையில் ஒரு மணி நேரம் என்று டிக், இரண்டையும் ஒரே ஆள் சுமந்துகொண்டு எனக்கு முன்னால் சேற்றில் வழுக்கி வழுக்கி நடக்கிறார், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஊரில் மொத்தம் இருபத்து மூன்று வீடு, அதில் பத்தை அவர்களே எங்கேயோ குலுக்கிப் போட்டு எடுத்து வந்திருக்கிறார்கள், பத்தாவது என் வீடு. பத்தில் ஆறு வீடாவது ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று சொன்னால் ஊர் பட்டியலில் ஏறும், ஏறினால் எட்டாம் மாதத்திலேயே கர்ப்பிணிகள் கீழே போய் ஆஸ்பத்திரியை ஒட்டிய அறைகளில் தங்கிக்கொள்ளலாம், கட்டில், சாப்பாடு, பக்கத்திலேயே டாக்டர். இந்த ஊருக்குச் சுகாதாரப் பணியாளர் நான்தான், கீழே எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது முதலில் ஞாபகம் வந்தது நாத்தனார்தான். ஏழாம் மாதம், பிள்ளை குறுக்கே கிடக்கிறது, போன தடவை பார்த்த டாக்டர், மேல வச்சிருக்காதீங்க, வலி வந்தப்புறம் கிளம்பினா வந்து சேரமாட்டீங்க என்று அவளிடம் சொல்லாமல் என்னிடம் தனியாகச் சொன்னார். பெரிய மழை இன்னும் மூன்று வாரத்தில், அது வந்தால் ஆறு பத்து நாள் யாரையும் விடாது. அவளுக்கு இதையெல்லாம் எத்தனை சொல்லி என்ன, அவள் வீடு ஐந்தாவது, அங்கே போய் என்ன கூத்தோ... இந்த ஊரில் தூரம் என்று யாராவது வாய் திறந்து சொல்லி நான் கேட்டதே இல்லை. கடிகாரம் பார்த்து நடக்கிற ஊரா இது, இருக்கிற ஒரே கடிகாரம் என் கைபேசி, அதற்கும் இங்கே மணி காட்டுவதைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. மரம் வானத்தை மூடிக்கொண்டிருக்கிறது, சூரியனைப் பார்த்துச் சொல்லவும் வழியில்லை, மழைக்கு முன்னே கிளம்பினோம் மழைக்குப் பின்னே வந்தோம், அவ்வளவுதான் கணக்கு. அதோடு, தூரம் என்று சொன்னால் என் காலில் வலுவில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமே, வந்தவரிடம் போய் நீங்க ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க என்று சொல்லிக்காட்டின மாதிரியும் ஆகிவிடுமே, அதனால் விறகுக்குப் போனாலும் ஒரு எட்டு, உப்பு வாங்கக் கீழே இறங்கினாலும் ஒரு எட்டு, பிணத்தைத் தூக்கிக்கொண்டு போனாலும் ஒரு எட்டு போய் வந்தாச்சு.

மூன்றாவது வீடு தேன்காரர் வீடு. அவர் அடுப்புக்கு மேலே கயிற்றில் சட்டையைப் புகை காட்டிக் காயப் போட்டுக்கொண்டிருந்தார், இங்கே வேறு எப்படியும் துணி காயாது, ஊரில் எல்லாருடைய சட்டையிலும் ஒரே வாசனை. சார் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து எடுத்து, ஆஸ்பத்திரிக்கு நடந்து போக எத்தனை மணி நேரம் ஆகும் என்றார். தேன்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், என்ன சார், ஒரு எட்டுதான் என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, மூன்றாவதும் போயிற்று என்று நினைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தால்... கடைசிக் கட்டம். மூன்று மணி நேரத்துக்கு மேல். பக்கத்தில் குண்டு குண்டாக 8. ஒரு எட்டு என்றால் இவருக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம்! கேட்டது மணி, சொன்னது எட்டு, அவர் மேல் என்ன தப்பு, நேற்று அவர் கால் சொன்ன கணக்கும் கிட்டத்தட்ட அதுதானே. வாசலுக்கு வந்ததும் என் பக்கம் திரும்பி, பாத்தீங்களா, எட்டு மணி நேரத்தைப் போய் ஒரு எட்டு'தான்'னு சொல்றாரு, என்ன மனுஷங்க இவங்க என்று நெகிழ்ந்து போய்விட்டார். எடுத்துக் கொடுக்கக் கூடாது என்றுதானே சொன்னார், திருத்தக் கூடாது என்பதும் அதில் அடங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உள்ளுக்குள் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அட்டை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் வீட்டுக்கு வீடு என் காது அந்த ஒரு சொல்லுக்காகவே தீட்டிக்கொண்டு நின்றது, பக்கமா எட்டா, பக்கமா எட்டா... நான்காவது வீட்டில் எட்டு. ஐந்தாவது, நாத்தனார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள், சார் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு மரியாதையாகவே கேட்டார், இவள் என்னை ஒரு முறை முறைத்தாள், நான் ஏதோ அவளை மாட்டிவிடக் கூட்டி வந்த மாதிரி. பக்கம்தான் சார், எனக்கு ஒண்ணுமில்ல, நானே நடந்து போயிடுவேன். இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளலாமா என்று கை துறுதுறுத்தது. அடியே, நீ போகிறதற்காகத்தானடி இந்த மனிதர் இத்தனை ரத்தம் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்... முதல் கட்டத்தில் டிக். வெளியே வரும்போது பின்னாலேயே வந்து, அண்ணி, நல்லாத்தானே பதில் சொன்னேன் என்று காதில் கேட்கிறாள், ரொம்ப நல்லா சொன்னடி என்றேன். பயம் இவளுக்கும் இருக்கிறது, ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது, ஆனால் வெளி ஆள் முன்னால் அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் இவள் எந்த முகத்தோடு நடமாடுவது. ஆறாவது வீட்டில் எட்டு, ஏழாவதில் பக்கம், எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் எட்டு. ஒன்பது வீட்டில் நாலு பக்கம், அஞ்சு எட்டு. இனி என் வீடு ஒன்றுதான், மழை ஓய்ந்து இலைகளிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது, நான் முன்னால் நடந்தேன், ஆறு மணி நேரம் சார், ஆறு மணி நேரம் சார் என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன், வாய் முந்திக்கொண்டு பக்கம் என்று எதையாவது உளறிவிடுமோ என்று என் வாயின் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை.

உளறவில்லை. என் வீட்டுப் பலகையில் உட்கார்ந்து அவர் கேட்டார், ஆறு என்று சொன்னேன், பாதிப் பேர் எட்டுங்கறாங்க, நீங்க வேகமா நடப்பீங்க போல என்று சிரித்துக்கொண்டே 6 போட்டு, கடைசிக் கட்டத்தில் டிக்கும் போட்டார். முடிந்தது, ஆறு வீடு. பிழையாகக் கேட்டது அஞ்சு, சரியாகச் சொன்னது ஒன்று, எப்படியோ ஊர் பட்டியலில் ஏறிவிட்டது, நாத்தனார் கட்டிலில் படுத்துக்கொண்டு சாப்பாடு சரியில்லை என்று குறை சொல்லப் போகிறாள், சொல்லட்டும். வெந்நீர் வைக்க எழுந்திருக்கப் போனேன், இருங்க, பின்பக்கம் ஒண்ணு இருக்கு என்று தாளைத் திருப்பினார். இந்த வீட்டிலிருந்து கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நோயாளி யார்? என் பையன், பதினோரு மாசம், நாலு வருஷம் ஆச்சு. பென்சில் நின்றது. இப்ப... என்றார். இல்ல சார். ஒரு கட்டத்தில் டிக் போட்டார், அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. டாக்டர் பாக்கறதுக்குத் தாமதமானது எதனால, ஒண்ணுதான் சொல்லணும், பாதை, ஆறு, வண்டி இல்லாதது, ஆஸ்பத்திரியில காத்திருந்தது என்று வாசித்தார்.

ஆறு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், நாலு வருஷமாக இந்த வீட்டில் அதற்கு வேறு பதில் கிடையாது. அன்றைக்கு ஆற்றங்கரையில் இரண்டு மணி நேரம், தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது, பிள்ளைக்கு மூச்சு இழுத்தது, என் வீட்டுக்காரர் கழுத்தளவு இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பித் திரும்பி வந்தார், இதெல்லாம் அப்படியே இருக்கிறது, எப்போது கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் அதற்கப்புறம்... ஆஸ்பத்திரி வாசல் குழாயில் நான் கால் கழுவினேனே. முட்டி வரைக்கும் சேறு, அட்டை கடித்த ரத்தம், இப்படியேவா உள்ளே போவது என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், பையிலிருந்து நல்ல புடவையை எடுத்து மறைவில் மாற்றிக்கொண்டேன், தலை வாரினேன், பிள்ளைக்கும் முகம் துடைத்துப் பவுடர் போட்டேன், காட்டிலிருந்து வந்ததுகள் என்று யாரும் மூக்கைச் சுளிக்கக் கூடாது. உள்ளே சீட்டு எழுதுகிற நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தாள், எங்கிருந்து வரீங்க, அவசரமா என்று கேட்டாள், ஆமாம் கேட்டாள், நல்ல குரல்தான், கேட்காமல் ஒன்றும் விடவில்லை. நான் என்ன சொன்னேன்? சிரித்தேன். இல்லக்கா, பிள்ளைக்குக் கொஞ்சம் சளி, சும்மா ஒரு எட்டு காட்டிட்டுப் போலாம்னு வந்தோம்... அவள் சரியாகத்தான் புரிந்துகொண்டாள், இந்த சாரைப் போல இல்லை, பக்கத்து ஆள், அவசரமில்லை, அப்படின்னா உக்காருங்க, கூப்பிடுவோம். சீட்டு நம்பர் முப்பத்தேழு. அந்த நம்பர் ஞாபகம் இருக்கிறது, பெஞ்சில் ஒரு ஆணி குத்தியது ஞாபகம் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம், பிள்ளை தூங்குகிறான் என்று நினைத்து ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது, இந்த ஒரு வார்த்தை மட்டும் இத்தனை நாள் எங்கே போயிருந்தது? காலையிலிருந்து அஞ்சு வீட்டில் காதாரக் கேட்டேனே, உள்ளே சிரித்துக்கொண்டு வேறு நின்றேனே. ஆறு எடுத்துக்கொண்டது இரண்டு மணி நேரம், நான் எடுத்துக்கொண்டது ஒன்றரை, அதில் எது... முதலிலேயே பார்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதோ, ஆகியிருக்குமோ, இனிமேல் எந்த டாக்டரிடம் போய் இதைக் கேட்பது.

சொல்லுங்கம்மா, எதுவும் ஞாபகமில்லன்னா விட்டுடலாம் என்றார் சார், அவருக்கும் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். ஆறு என்றேன். அதான் எழுதிட்டேனே, ஆறு மணி நேரம். இல்ல சார், ஓடுற ஆறு. ஓ என்று டிக் போட்டார். ஆஸ்பத்திரியில் காத்திருந்தது என்று சொல்லியிருக்கலாம்தான், அது பொய்யில்லை, ஆனால் அப்படிச் சொன்னால் அந்த நர்ஸம்மாமேல் போய் விழும், அவள் கேட்டாளே, வாயைத் திறந்து கேட்டாளே. வேறு கட்டம் அந்தத் தாளில் இல்லை. என் வீட்டுக்காரர் பிரம்பு வெட்ட மேலே போயிருக்கிறார், கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார், அவர் இந்த நாலு வருஷமாக அந்த ஆற்றில் குளிப்பதில்லை, அதில் பிடித்த மீனைத் தொடுவதில்லை, தாண்டிப் போகும்போதெல்லாம் நின்று ஒரு வார்த்தை திட்டிவிட்டுத்தான் போவார், நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன், சில நாள் சேர்ந்தும் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு நர்ஸம்மா கேட்டபோது அவர் எனக்குப் பின்னால்தானே நின்றார், ஈரம் சொட்டச் சொட்ட, நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்குமா... விழுந்திருந்தால்? விழுந்தும் நாலு வருஷமாக ஆற்றைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாரா? கீழே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா என்று சார் பென்சிலை நீட்டினார்.