இரண்டாவது தாள்

சாதக் கரண்டியின் முதுகால் தாளை வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஷீபா. தாளுக்கு அடியில் கண்ணாடி. கண்ணாடி முழுக்கக் கறுப்பு மை. அந்த மையில்தான் அவள் புருஷன் சாமுவேல் காலையிலிருந்து துணியாலும் ஈர்க்குச்சியாலும் கொஞ்சங் கொஞ்சமாகத் துடைத்து ஒரு படத்தை உண்டாக்கியிருந்தான். இப்போது கட்டிலில் தலையணைகளின் மேல் சாய்ந்தபடி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஓரத்துல அமுத்து ஷீபா. ஓரந்தான் ஏமாத்தும்.”

“அமுத்திக்கினுதான் கீறேன். நீ பேசாத மாமா, மூச்சு வாங்குது பாரு.”

அவன் சிரித்தான். சிரிப்புக்கும் மூச்சு வாங்கியது. இதயம் பெருத்துவிட்டது, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். திருப்புலிவனத்து வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் படுக்கவே இல்லை. படுத்தால் நெஞ்சில் தண்ணீர் ஏறிக்கொள்வதுபோல் இருக்கும். உட்கார்ந்தே தூங்கினான்.

உத்திரமேரூரில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன் சாமுவேல். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கட்சி நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுக்க ஒரே மாதிரி தாள்கள் அவன் கையில் வந்து விழும். ஒருநாள் மை குழைக்கிற தகட்டைத் துடைக்கும்போது, துடைத்த தடம் ஏரிக்கரை மாதிரித் தெரிந்திருக்கிறது. கழிவுத் தாள் ஒன்றை அதன்மேல் போட்டு அமுக்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. உடைந்த ஷோகேஸ் கதவின் கண்ணாடி, பழைய ரப்பர் ரோலர், டப்பி மூடியில் மிச்ச மை, வெட்டிப் போட்ட ஆர்ட் பேப்பர். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து வந்தால் இதுதான் வேலை.

ஒரு கண்ணாடிக்கு ஒரு படம். தாளைத் தூக்கிய கையோடு மண்ணெண்ணெய்த் துணியால் கண்ணாடியைத் துடைத்துவிடுவான். “அதான் இன்னும் மை கீதே, இன்னொண்ணு எடுத்தா இன்னா?” என்று ஷீபா எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். “வெளுத்துப் போயி வரும். அங்க ஆயிரம் ஆயிரமா அடிச்சிட்டு வரேன், வூட்லயும் அதேவா? ஒண்ணுன்னா ஒண்ணுதான்” என்பான்.

“எடுக்கட்டா?” என்றாள் ஷீபா, தாளின் மூலையைப் பிடித்தபடி.

“இரு. நல்லா குடிக்கட்டும்.”

காத்திருந்தாள். வெளியே யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். உத்திரமேரூர் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

“இப்ப?” என்றாள்.

பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண்கள் அவள் கையின் மேலேயே இருந்தன. மூச்சு மட்டும் வாங்கவில்லை.

மூலையைப் பிடித்திருந்த விரல்களை மெல்ல எடுத்தாள். கண்ணாடியைத் தாளோடு ஆடாமல் தூக்கிக்கொண்டு போய் சமையல்கட்டில் அரிசி டிரம்மின் மேல் வைத்தாள். திரும்பி வந்து அவன் கண்களை மூடினாள். அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அவளுக்குக் குரல் வந்தது.

சாமுவேலின் தம்பி கலைச்செல்வன் பெருநகர் கிராமத்திலிருந்து தாயை வண்டியில் உட்காரவைத்து அழைத்து வந்தான். ஆண்டாளம்மாள் மகனின் வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான், வெகுநேரம் எழவில்லை. ஷாமியானா வந்தது. நாற்காலிகள் வந்தன. பாஸ்டர் சாயங்காலம் அடக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார். அச்சகத்து முதலாளி போன் செய்து போட்டோ கேட்டார். எடுத்த வேலையை நிறுத்திவிட்டு சாமுவேலுக்குப் போஸ்டர் ஓட்டப் போகிறார்களாம். மதியத்துக்குள் கட்டு வந்து இறங்கிவிட்டது. அடையாள அட்டைக்கு எடுத்த முகம், ஒன்றின்மேல் ஒன்றாக.

ஷீபாவுக்கு நினைவெல்லாம் டிரம்மின் மேலேயே இருந்தது. காபி போட உள்ளே வந்தவர்களில் ஒருத்தி பூக்கூடையை அதன்மேல் வைக்கப் போனாள். “அங்க வாணாம்க்கா” என்று ஷீபா எழுந்து போய் வாங்கிக் கீழே வைத்தாள். மாலை போட வந்த அச்சகத்து ஆட்கள் சுவரில் ஒட்டியிருந்த படங்களை நின்று பார்த்தார்கள். ஏரி, மதகு, மழையில் நிற்கிற சைக்கிள். சாமுவேல் இதெல்லாம் செய்வான் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஷீபா உள்ளே போகும்போதெல்லாம் ஆண்டாளம்மாள் கவனித்தாள். கடைசியில் எழுந்து பின்னாலேயே வந்தாள்.

“இன்னாம்மா அது?”

“காலையில போட்டது அத்தே. எடுக்கறதுக்குள்ள...”

ஆண்டாளம்மாள் தாளின் வெள்ளை முதுகைப் பார்த்தபடி நின்றாள். “கடைசியா அவன் கை பட்டது இது. பொட்டியில வெச்சிடலாம். அவன் கூடயே போவட்டும்.”

பெற்றவள் கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்ல ஷீபாவுக்கு வாயில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. இன்று இரவுக்குப் பிறகு இந்த வீட்டில் அவளோடு இருக்கப் போவது என்ன என்று யோசித்தாள்.

கை கழுவிக்கொண்டு வந்து தாளின் மூலையைத் தூக்கினாள். இவ்வளவு நேரம் கிடந்ததில் லேசாக ஒட்டியிருந்தது. பொறுமையாக உரிக்க, வந்துவிட்டது.

கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிகிற வாசல். நிலைப்படி, கொடியில் ஒரு துணி, அதற்கப்பால் துவைக்கிற கல். கல்லின்மேல் குனிந்து ஒரு பெண். கட்டை விரல் அளவுதான் இருந்தாள். அச்சில் இடம் வலம் மாறி, கல் வாசலுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

“யாரு, நீயா?” என்றாள் ஆண்டாளம்மாள்.

“தெரில அத்தே.”

ஷீபா கண்ணாடியைப் பார்த்தாள். மை போன இடங்களில் சாம்பல் நிறமாக ஏதோ பாக்கி இருந்தது. அலமாரியிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்து ஈரத்துணியால் ஒற்றினாள். கண்ணாடியின்மேல் பரப்பினாள்.

கலைச்செல்வன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். “அண்ணி, அண்ணன் ரெண்டாவது எடுக்க மாட்டாரே.”

“தெரியும்” என்றாள். கரண்டியை எடுத்தாள்.

இந்த முறை சொல்லித்தர யாருமில்லை. முட்டி போட்டு, உடம்பின் பாரத்தையெல்லாம் கையில் கொடுத்துத் தேய்த்தாள். நெற்றி வியர்வை தாளில் சொட்டியது. கூடத்தில் யாரோ பாட்டு ஆரம்பித்தார்கள். அவள் தேய்த்துக்கொண்டேயிருந்தாள். ஆண்டாளம்மாள் அசையாமல் நின்றாள்.

இரண்டாவது தாளில் விடியற்காலைப் பனிக்குள் பார்ப்பதுபோல் வாசல் மட்டும் தெரிந்தது. கல் இருந்தது. குனிந்த பெண் இருந்தாளா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

ஷீபா நல்ல படத்தை மாமியாரிடம் நீட்டினாள். “இந்தாங்க அத்தே. வெச்சிடுங்க.”

ஆண்டாளம்மாள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு வெளுத்த தாளை எடுத்துக்கொண்டாள்.

“இது போதும் அவனுக்கு. இன்னா போட்டான்னு அவனுக்குத் தெரியும். நீதான் பாக்கணும்.”

பெட்டியில் வைக்கும்போது படம் அவனைப் பார்க்கிற மாதிரி நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்தாள். “மை காயலம்மா, சட்டையில ஒட்டிக்கும்” என்றான் கலைச்செல்வன்.

“ஒட்டட்டும்.”

நல்லடக்கம் பொழுதிருக்கவே முடிந்தது. கல்லறைத் தோட்டத்தில் ஷீபா ஒரு பிடி மண் போட்டாள். வரும் வழியில் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. நடுவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்று பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஷாமியானாவை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

குழாயடியில் ஷீபா சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மை போகவில்லை. நகக்கண்களில், விரலிடுக்குகளில், உள்ளங்கை ரேகைகளில் எல்லாம் ஏறியிருந்தது. இந்தக் கையோடுதான் பாஸ்டருக்குத் தோத்திரம் சொன்னோம், மண் போட்டோம் என்பது இப்போதுதான் உறைத்தது.

“இப்புடிக் கழுவுனா போவாது” என்றாள் ஆண்டாளம்மாள். பின்கட்டுக்குப் போய் மண்ணெண்ணெய்ப் பாட்டிலோடு வந்தாள். எதிரே குந்தி உட்கார்ந்து, மருமகளின் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையின் நுனியை நனைத்து, கட்டை விரலிலிருந்து ஒவ்வொரு விரலாகத் துடைக்கத் தொடங்கினாள்.

“சோறு கலைச்செல்வன் கொண்டாறேன்னு சொன்னான். ரெண்டு வாய் துன்னு” என்றாள் தலை நிமிராமல்.

“நீங்களுந்தான் காலையிலேருந்து துன்னல.”

“துன்றேன். அந்தக் கையக் குடு.”

ஷீபா இடது கையை நீட்டினாள்.