கட்டிப்பிடிக்காத ஏணி

அந்த எலக்ட்ரிகல் கான்ட்ராக்டருக்குக் கட்டிப்பிடி என்று பெயர் விழுந்து பல வருஷம். ஆள் ஒன்றும் குழைகிற ரகமில்லை. பெற்ற மகளைக்கூட அவர் அணைத்து யாரும் பார்த்ததில்லை. அவர் அணைத்ததெல்லாம் இரும்பைத்தான்.

தெருவிளக்கு போட்டால், ஒப்படைக்கிற அன்று செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றுவார். கம்பத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, "போடுப்பா சுவிட்சை" என்பார். மாவு மில்லுக்கு லைன் இழுத்தால் மோட்டாரைக் கட்டிப்பிடிப்பார். கிடங்குக் கூரையில் சோலார் பலகை ஏற்றினால் அதைத் தாங்குகிற சட்டத்தை. அதற்கு முன்னால் பல்பு வைத்துச் சோதித்திருப்பார், மனுஷன் பைத்தியமில்லை. அணைத்த பிறகுதான் கையெழுத்து.

"ஷாக் அடிச்சா?" என்று கேட்டால், "அடிச்சா கையெழுத்துப் போடுற வேலை மிச்சம்" என்பார்.

இந்த முறை நீச்சல்குளம். குளத்துக்கு பம்ப், தண்ணீருக்குள் விளக்கு, உடை மாற்றும் அறைகளின் கூரையில் சோலார், எல்லாம் அவர் ஆட்கள் போட்டது. மறுநாள் காலையில் திறப்பு. அவர் கையெழுத்து இருந்தால்தான் மின்சார ஆபீஸ் நிரந்தர இணைப்புக் கொடுக்கும். பகல் பன்னிரண்டு மணிக்குக் குளத்து முதலாளி காகிதத்தை நீட்டினார். கட்டிப்பிடி பேனாவைத் தொடவில்லை.

"குளத்துல இறங்குற இரும்பு ஏணியைக் கட்டிப்பிடிக்க மாட்டேன்" என்றார்.

"ஏன்?"

"எர்த் இல்லை. கசியுற கரண்ட் மண்ணுக்குள்ள இறங்க வழியில்லை."

முதலாளிக்குப் பக்கத்தில் நின்ற அவருடைய இன்ஜினியருக்கு முகம் சிவந்தது. அவன் வேறு யாருமில்லை, கட்டிப்பிடியின் மருமகன். எர்த் நன்றாக இருக்கிறது என்று மீட்டர் வைத்து அளந்து எழுதிக் கொடுத்தவனும் அவன்தான்.

"மாமா, மானத்தை வாங்காதீங்க. சோலார் சட்டத்துல ஒரு முனை, ஏணியில ஒரு முனை வச்சு அளந்தேன். பம்புலயும் வச்சேன். எல்லாம் நல்லா காட்டுது."

"காட்டும். மூணையும் சேர்த்துக் கட்டினவன் நான். குருடன் கையைக் குருடன் பிடிச்சா பிடி கெட்டியாத்தான் இருக்கும், மாப்பிள்ளை. பள்ளம் எங்கேன்னு எவனுக்குத் தெரியும்? மூணும் ஒண்ணையொண்ணு பிடிச்சிருக்கு. மண்ணை எது பிடிச்சிருக்கு? அதை அளந்தீங்களா?"

மருமகன் தான் எழுதிக் கொடுத்த அளவுகளை மறுபடி புரட்டினான்.

காலையிலேயே கட்டிப்பிடி எல்லாரையும் தள்ளி நிறுத்திவிட்டு, லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே இருநூறு வாட் பல்பைப் பிடித்துப் பார்த்திருந்தார். மண்ணோடு நல்ல பிடி இருந்தால் பல்பு கண்ணைக் கூச வைக்கும். இது காய்ச்சல்காரன் கண் மாதிரி சிவந்து கிடந்தது. போன வாரம் ஓடு பதித்தவர்கள், தரைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த ஒரு செம்புப் பட்டையைத் தொந்தரவு என்று வெட்டிவிட்டு, மேலே அழகாக நீல ஓடு ஒட்டியிருக்க வேண்டும். அந்தப் பட்டைதான் எல்லாவற்றையும் மண்ணில் இறக்குகிற ஒரே வழி.

"தண்ணிக்குள்ள விளக்கு பன்னிரண்டு வோல்ட்தானே? ஒண்ணும் ஆகாது" என்றார் முதலாளி.

"விளக்கு பன்னிரண்டு. பம்ப் நானூத்திப் பதினஞ்சு."

"கசிஞ்சா விழுற சுவிட்ச் இருக்குல்ல?"

"இருக்கு. அடிக்கடி விழுதுன்னு உங்க ஆளு அதைச் சுத்தி வயர் போட்டு பம்பை ஓட்டினார். முந்தாநாள் நான்தான் அவிழ்த்தேன். நாளைக்கு விழாவுல விழுந்தா மறுபடி அந்த வயரைப் போட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

முதலாளி குரலை இறக்கினார். "பெரியவரே, புது மார்க்கெட்டோட தெருவிளக்கு, சோலார் எல்லாம் உங்களுக்குத்தான்னு வச்சிருக்கேன். யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சுட்டேன். நீங்க வேட்டியை மடிச்சுக்கட்டி ஏணியைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க. நான் பம்பைப் போடுறேன். மேலே வந்ததும் கையெழுத்து வாங்கிக்கங்க."

முதலாளி குளத்தைப் பார்த்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

மருமகன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். மனைவிக்குப் போன் போட்டு மாமனார் கையில் கொடுத்தான்.

"அப்பா, அவருக்கு வேலை போயிடுமாம். ஏம்ப்பா இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறீங்க?"

"போனா வேற வேலை. நீச்சல் கத்துக்க உன் பிள்ளைகளை எங்க சேர்த்திருக்கே?"

"அவர்கிட்டக் குடுங்க."

அவள் என்ன சொன்னாளோ, மருமகன் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டுதான் கேட்டான்.

முதலாளி மட்டும் மசியவில்லை. "ஊர்ல நீங்க ஒருத்தர்தான் கான்ட்ராக்டரா?" என்று தாடிக்கு ஆள் அனுப்பினார். தாடி என்பவன் கட்டிப்பிடிக்குத் தொழிலில் பரம எதிரி. இருபது வருஷமாகப் போகிற இடமெல்லாம், "கம்பத்தோட குடும்பம் நடத்துறவன்" என்று கேலி பேசுகிறவன். வந்தான். காகிதத்தைப் படித்தான். பேனாவைக்கூடத் திறந்துவிட்டான். அப்புறம்தான் ஓரமாக நின்றவரைப் பார்த்தான்.

"என்னண்ணே, உன் லைசென்ஸ் என்னாச்சு?"

"பையில பத்திரமா இருக்கு."

"ஏணியைக் கட்டிப்பிடிச்சியா?"

"இல்லை."

தாடி பேனாவை மூடினான். "அப்ப எனக்கும் வேணாம் சாமி."

"ஏன்யா? மீட்டர் சரின்னு காட்டுதே!" முதலாளி கத்தினார்.

"மீட்டர் சாகாதுங்க. இந்த ஆளு செத்துப்போவாரு. அதனால இவர் சொல்றதை நம்பலாம்."

மருமகன் ஒன்றும் பேசாமல் போய்ச் சுத்தியலும் உளியும் எடுத்து வந்தான். பம்ப் அறையின் வாசலிலிருந்து ஓடுகளைப் பெயர்க்க ஆரம்பித்தான். ஒன்பதாவது ஓட்டுக்கு அடியில் பட்டை கிடைத்தது. அதன் முனை பளபளவென்று வெட்டுப்பட்டிருந்தது. அவன் குந்தியபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா" என்றான். கட்டிப்பிடி குனிந்து அடுத்த ஓட்டைப் பெயர்த்தார்.

திறப்பு விழா மூன்று நாள் தள்ளிப்போனது. புதுப் பட்டை இறங்கியது. பல்பு கண்ணைக் கூச வைத்தது. கட்டிப்பிடி சட்டையோடு குளத்தில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் ஏணியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"போடுங்க மாப்பிள்ளை."

பம்ப் உறுமியது. தண்ணீர் சுழன்றது. கிழவர் ஏணியை விடாமல் நூறு வரை எண்ணினார். சொட்டச் சொட்ட ஏறி வந்து கையெழுத்துப் போட்டார். மை கலைந்தது.

முதலாளி காகிதத்தை உதறினார். "மார்க்கெட் வேலை உங்களுக்கு இல்லை. தாடிக்குக் குடுத்துட்டேன்."

"தாராளமாக் குடுங்க" என்று கட்டிப்பிடி சட்டையைப் பிழிந்தார். "கம்பம் நட்டதும் அவன் என்னைத்தான் கூப்பிடுவான்."