நாற்பத்தெட்டாம் பக்கத்து வழவழப்பு

வீட்டில் அவனுக்கு 'வருங்காலம்' என்று பெயர். வருங்கால டாக்டர் என்பதன் சுருக்கம். ஒன்பது வருடமாக அவன் வருங்காலத்திலேயே இருந்ததால் மைத்துனன் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. எப்படியோ இயற்பியல் ஆய்வேட்டை முடித்துக் கொடுத்துவிட்டான். இன்று வாய்மொழித் தேர்வு. இதிலும் கோட்டை விட்டால் கல்லூரி வேலை போய்விடும். இனி அவகாசம் கிடையாது என்று கடிதமே வந்துவிட்டது.

ஆய்வேட்டின் சாரம் இவ்வளவுதான்: எலெக்ட்ரான் இங்கிருந்து அங்கே போவதற்கு ஒற்றைப் பாதை கிடையாது, சாத்தியமான எல்லாப் பாதைகளையும் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். அந்தப் பாதைகளோ ஒரே கோணல்மாணல். எவ்வளவு சின்னத் துண்டைப் பெரிதாக்கினாலும் அதே கோணல்மாணல்; அதனால் எந்தப் புள்ளியிலும் வேகம் இவ்வளவு என்று சொல்ல முடியாது. வழவழப்பான பாதைகளின் பங்கு பூஜ்யம். நாற்பத்தேழாம் பக்கத்தில் இதை மார்தட்டி எழுதியிருந்தான்.

அடுத்த பக்கத்துக்குப் படம் தேவைப்பட்டது. அவன் கையால் வரைந்ததைப் பார்த்து, தையல்கடை வைத்திருக்கும் மனைவி முகம் சுளித்தாள்.

"ஏங்க, என்ன இது கோழி கிளறுன மாதிரி? நாலு பேரு பாக்கிற புத்தகமாச்சே. இந்தாங்க."

ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டுவதற்கு வைத்திருந்த வளைவு ஸ்கேலை நீட்டினாள். அதை வைத்து ஐந்து பாதைகள் வரைந்தான். ஐந்தும் வழுக்கிக்கொண்டு போயின. இரண்டு நாள் அதைப் பார்த்துப் பார்த்துச் சொக்கிப்போனான். எழுதியதற்கும் வரைந்ததற்கும் ஏழாம் பொருத்தம் என்பது அந்தப் படித்த மண்டைக்கு உறைக்கவே இல்லை.

தேர்வாளர் அம்மா சரியாக அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார்.

"நாப்பத்தேழுல ஒண்ணு சொல்றீங்க, நாப்பத்தெட்டுல ஒண்ணு காட்டுறீங்க. நான் எதை நம்பட்டும்?"

பழியை மனைவி மேல் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தான். அவ்வளவு பெரிய வீரன்.

"சரி, போர்டுல வரைஞ்சு காட்டுங்க."

சாக்பீஸை எடுத்தான். பயத்தில் கை உதறியது. கோடு மேலும் கீழும் துள்ளியது. நிதானமாக இழுக்கப் பார்த்தான்; இன்னும் மோசமானது.

"இந்த இடத்தைப் பெருசாக்கினா எப்படி இருக்கும்?"

"அங்கயும் நடுக்கந்தான் மேடம்."

"அதுக்குள்ள?"

"அதுக்குள்ளயும் நடுக்கந்தான். நிக்கவே மாட்டேங்குது." அவன் தன் கையைத்தான் சொன்னான்.

"அப்போ இந்தப் புள்ளியில வேகம்?"

"ஒண்ணும் சொல்ல முடியல மேடம்."

"சொல்ல முடியாதுதான்!" தேர்வாளர் முகம் மலர்ந்தது. "இதைத்தானே கேட்டேன். படத்தை மட்டும் மாத்திக் கொண்டுவாங்க, டாக்டர்."

அந்த ஒரு சொல்லில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி குதித்தாள். "படத்தைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"அதைத்தான் முதல்ல பாத்தாங்க."

"பாத்தீங்களா! எல்லாம் என் ஸ்கேலு!"

அவள் உள்ளே போனதும் புதுப் படம் வரைய உட்கார்ந்தான். கவலை போன கை அசையவே இல்லை. எத்தனை தடவை இழுத்தாலும் கோடு வழவழவென்றே வந்து தொலைத்தது. அவன் சோர்ந்துபோய் நிமிர்ந்தபோது, அடுத்த அறையில் அவள் தன் அண்ணனுக்கு போன் போட்டு ஸ்கேலின் பெருமையை அளந்துகொண்டிருந்தாள். என்றைக்காவது இவளிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்று நினைத்தான்.

கை உதற ஆரம்பித்தது. அவசர அவசரமாகப் பேனாவை எடுத்தான்.