இடப்பக்கத் தையல்

எனக்கு உட்காரவே முடியவில்லை. அடையாறில் கைவினைப் புத்தகம் செய்யும் வகுப்பு. இரண்டாம் நிலை முடித்தவர்களின் கண்காட்சி அன்று. நான் ஆறாவது முறையாக வாசலுக்குப் போனபோது ஆசிரியை சிந்து கத்தினாள். "அதீபா, தரை தேயுது! உன் தையல்தான் எல்லாத்துலயும் நேரா இருக்கு, போதுமா?"

தையலைப் பார்க்கவா ஷம்ஷாத் ஆபாவை வரச் சொன்னேன்? அம்மி, எங்கள் அம்மா, இறந்த நாளிலிருந்து மூன்று வருடமாக என் அக்கா என்னோடு பேசவில்லை. எங்கள் வீட்டில் கொஞ்சல் உருதில், சண்டை தமிழில். ஆனால் ஆபா படித்தது உருதுப் பள்ளியில், நான் தமிழ்ப் பள்ளியில். அவள் எழுத்து எனக்குத் தெரியாது, என் எழுத்து அவளுக்குத் தெரியாது.

அதனால் நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுக் கலீமுல்லா பாய் உருதில் எழுதிக் கொடுத்தார், தாளுக்கு ஒரு வரியாக நான்கு தாள். அம்மி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ வரவில்லை. அம்மியின் மய்யத்தின் முன்னால் உன்னை வெளியே போ என்றேன். உனக்கே டெங்கு என்று பிறகுதான் தெரிந்தது. தப்பு என்னுடையது, மன்னித்துவிடு. பென்சிலால் எண் போட்டு அடுக்கி, ஓரத்தில் துளையிட்டுத் தைத்து, எண்களை அழித்தேன். இரண்டு பக்கமும் ஒரே பச்சைத் துணி அட்டை.

நாலரைக்கு ஆபா வந்தாள். "பஸ்ல இன்னா கூட்டம்!" என்று யாரிடமோ சொன்னாள். புத்தகத்தை எடுத்தாள், திருப்பினாள், திறந்தாள்.

முதலில் பார்த்த தாளிலேயே அவள் கண் கலங்கிவிட்டது. கட்டிக்கொள்ளலாமா என்று ஓரடி வைத்தேன். அடுத்தடுத்துப் புரட்டினாள். முகம் இறுகிக்கொண்டே போனது. பட்டென்று மூடி மேசையில் போட்டாள்.

"கடைசில இத சொல்லத்தான் கே.கே. நகர்லேர்ந்து வரவெச்சியா?"

"எத ஆபா?"

"அம்மிய பாக்க நான் வரலன்னு."

"ஐயோ, அது மொதல் தாளு!"

"நான் மொதல்லேர்ந்துதான்டி படிச்சேன்."

விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. உருது வலமிருந்து இடமாகப் போகும், புத்தகத்தை வலப்பக்கம் தைக்க வேண்டும். இந்தப் பாழாய்ப்போன தமிழ்க் கை இடப்பக்கம் தைத்திருக்கிறது. அவள் என் கடிதத்தைக் கடைசியிலிருந்து படித்துவிட்டாள்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். ஆபா ஆட்டோவில் ஒரு கால் வைத்திருந்தாள்.

"ஆபா, தப்பு என்னுதுதான். நான் அப்டி பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடு."

அவள் ஏறவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த ஒரு வார்த்த உன் வாயால வரும்னு மூணு வருசமா ஃபோன கைலயே வெச்சினு கீறேன்," என்றாள். "நீ இன்னாடான்னா ஒக்காந்து தெச்சினு இருந்திருக்க."