அறுபத்து மூன்று நோயாளிகள்

எங்கள் பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தியை எங்களுக்குச் சொன்னதே அந்த பஸ்ஸின் கண்டக்டர் துஷாந்த்தான். காலை ஐந்தரை மணிக்கு நெல்லிமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் புறப்பட்டு, கீழ் டிவிஷனில் எங்களை ஏற்றிக்கொண்டு, மடுல்சீமை டவுன் வழியாகப் பதுளைக்குப் போகும் ஒரே பஸ் அது. சாயங்காலம் திரும்பி வருவதும் அதுதான். போன வருடம் மண் சரிந்து பாதை இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. அதற்குள் பாதிப் பேர் மலைக் குறுக்குப் பாதையில் நடந்து பழகிவிட்டார்கள். பாதை திறந்து பஸ் வந்தபோது பஸ்ஸில் ஆள் குறைந்துவிட்டது.

"செவ்வாக்கெழம இன்ஸ்பெக்டர் வாறாரு டீச்சர். எத்தன பேரு ஏறுறாங்க, எங்க போறாங்கன்னு எழுதிட்டுப் போவாரு. அதப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்களாம்" என்றான் துஷாந்த்.

 என் வீட்டுக்காரர் ரமேஸுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் பதுளை ஆஸ்பத்திரியில் ஒன்பது மணிக்கு அவருக்கு மெஷின். நாலு மணி நேரம் இரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். நேரம் தவறினால் மெஷின் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இந்த பஸ் நின்றால் என் புருஷன் நிற்கமாட்டார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

நான் தோட்டத்து முன்பள்ளி டீச்சர். முப்பது குழந்தைகளை ஒரே நேரத்தில் வாய் மூடச் செய்கிறவள். பஸ் கமிட்டி என்று ஒன்றை அன்றைக்கே உண்டாக்கி, கேட்க ஆளில்லாததால் நானே செயலாளராகவும் ஆனேன். தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாக ஏறி இறங்கினேன். "செவ்வாக்கெழம ஒரு நாளைக்கு எல்லாரும் பஸ்ஸுல ஏறுங்க. வேலயில்லாட்டியும் ஏறுங்க" என்றேன். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அது ஒரு நாள் சம்பளம் போகிற காரியம். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் பதியமாட்டார்கள். ஆனாலும் மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. பாக்கியலெட்சுமி அக்கா, "ஒனக்காக ஒரு நாளு பேர விட்டாத்தான் என்னா?" என்று கேட்டாள்.

அத்தோடு விட்டிருக்க வேண்டும். விட்டேனா? சும்மா டவுனுக்குப் போகிற கூட்டம் என்று எழுதிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் புதுப் பயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் மேல் டிவிஷன் கோயில் முன்னால் கூட்டி, முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது மாதிரி பாடம் எடுத்தேன்.

"எங்க போறீங்கன்னு கேட்டா என்ன சொல்லணும்?"

"பதுளை ஆஸ்பத்திரி!" என்றது கூட்டம்.

ஆளுக்கொரு நோயும் பிரித்துக் கொடுத்தேன். பாக்கியலெட்சுமி அக்காவுக்கு சீனி வியாதி. அவள் மருமகனுக்கு பிரஷர். பழைய கங்காணி அழகையாவுக்குக் கண் என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணெல்லாம் ஒரு வியாதியா? எனக்கு நெஞ்சு நோவு" என்று அவராகவே எடுத்துக்கொண்டார். ஏ லெவல் படிக்கும் ஜெயந்தினி தினமும் அந்த பஸ்ஸில்தான் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள். அவளையும் விடவில்லை. பல் நோவு என்று சொல்லச் சொன்னேன்.

"நான் ஸ்கூலுக்குத்தானே டீச்சர் போறேன்?"

"ஒரு நாளைக்குப் பல்லுக்குப் போ."

"என்ன ஆனாலும் மாத்திச் சொல்லக் கூடாது" என்று கடைசியாக எல்லாரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டேன்.

இதற்கு நடுவில், அந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பஸ் பாதி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. ரமேஸுக்கு அன்று மெஷின் இல்லை. ஆஸ்பத்திரி நேர்ஸ் மிஸ் போனில் பேசினார். "செவ்வாய்க்கிழமை கட்டாயம் கூட்டிட்டு வாங்க. இன்னொரு தடவ விட்டா நுரையீரல்ல தண்ணி ஏறும்." திங்கட்கிழமைக்குள் அவர் கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடிதான் மூச்சு விட்டார். தண்ணீர் கேட்பார். அரைக் கிளாஸ் கொடுத்துவிட்டு மீதியை அவர் கண் படாத இடத்தில் ஊற்றுவேன்.

செவ்வாய் காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் கீழ் டிவிஷன் மதகுக்கட்டில் அவரை உட்கார வைத்துவிட்டேன். பனி கொட்டியது. கம்பளியைச் சுற்றிவிட்டு, பையில் கிளினிக் கொப்பி இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன்.  ஆள் வந்திருப்பார்களா, மாட்டார்களா என்ற ஒரே பயம்தான். ஆள் கூடிப்போனால் என்ன ஆகும் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. தேர்த் திருவிழா நாளில் தொண்ணூறு பேர் தொங்கிக்கொண்டு போகும் பஸ் அது. அந்தக் கணக்கில்தான் நான் ஆள் சேர்த்திருந்தேன். இன்ஸ்பெக்டர் உள்ளே இருக்கும்போது டிரைவர் ஒருவரையும் தொங்கவிடமாட்டான் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

பஸ் வந்தது. கண்ணாடி முழுக்க முகங்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையை ஆட்டினேன். பஸ் எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

"நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று உள்ளே ஏக சத்தம். இருபது அடி தள்ளி பஸ் நின்றது. ரமேஸைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனேன். நாலு அடிக்கு ஒரு தடவை அவர் நின்று மூச்சு வாங்கினார். வாசலில் ஒரு மனிதர் பெரிய கொப்பியை மார்பில் அணைத்தபடி நின்றிருந்தார். இன்ஸ்பெக்டர் அவர்தான்; சட்டைப் பையில் புவாத் என்று பெயர் குத்தியிருந்தது.

"எடமில்லம்மா. அறுவத்தி மூணு பேரு இருக்காங்க. கதவே சாத்த ஏலாது. அடுத்த பஸ்ஸுல வாங்க" என்றார்.

"அடுத்த பஸ் இல்ல சேர். இது ஒண்ணுதான். இவருக்கு ஒம்பது மணிக்கு டயலிசிஸ். உக்காந்துதான் வரணும்."

அவர் ரமேஸைப் பார்த்தார். பிறகு பஸ்ஸுக்குள் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உண்மையாகவே தவித்துப் போனார்.

"இங்க இருக்கிற எல்லாரும் ஆஸ்பத்திரிக்குத்தான் போறாங்க. அந்தப் பெரியவருக்கு நெஞ்சு நோவு. இந்த அம்மாக்கு சீனி. அந்தப் புள்ள பல்லு வீங்கி வருது. நான் யார எறக்குறது? நீங்களே சொல்லுங்க."

நான் உள்ளே பார்த்தேன். அறுபத்து மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஜெயந்தினி பள்ளிக்கூட உடுப்போடு கன்னத்தில் கை வைத்தபடி இருந்தாள். அழகையா நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒருவர் வாய் திறக்கவில்லை. மாத்திச் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கியவள் நான்தானே. என் முன்பள்ளிப் பிள்ளைகள் மாதிரி பாடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த இடத்தில் நான் உடனே பேசியிருந்தால் இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இருக்காது. நான் பேசவில்லை. பேசினால் பஸ் போச்சு. பேசாவிட்டால் இன்றைக்கு மட்டும்தானே என்று ஒரு கணக்கு ஓடியது. ஒரு நிமிடம் முழுசாக ஓடியது. ரமேஸ் என் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"விடு சுதா. வெள்ளிக்கெழம பாத்துக்கலாம். பஸ் முக்கியம்."

எனக்கு வந்த கோபத்தில் அவரை அறைந்திருப்பேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் இருப்பார் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

"பொய் சேர்!" என்று கத்தினேன். "எல்லாம் பொய். நான்தான் சொல்லச் சொன்னேன். யாருக்கும் ஒரு நோவும் இல்ல. பஸ்ஸ நிறுத்திருவீங்கன்னு பயந்து நான்தான் ஏத்தினேன்."

 புவாத் சேர் கொப்பியை மூடினார். முதலில் அழகையாதான் எழுந்தார். "எனக்கு நெஞ்சு நோவு இல்லீங்க தொர. சும்மா வந்தேன்" என்று சொல்லிவிட்டு, படியில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கினார். அடுத்து பாக்கியலெட்சுமி அக்கா. எனக்கு வேண்டியது இரண்டே இடம். ரமேஸுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அதற்குப் பிறகும் இறங்கினார்கள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டோமே என்ற பயம் ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றிவிட்டது. "போதும், எறங்காதீங்க, போதும்!" என்று நான் அழாத குறையாகக் கத்தினேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பனிக்குள் முக்காடு போட்டுக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினார்கள். சீக்கிரம் போனால் பெரட்டைப் பிடித்துவிடலாம் என்று ஒரு குரல் கேட்டது.

எங்களையும் சேர்த்து பஸ்ஸில் இருபத்தொரு பேர் மிஞ்சினோம். ரமேஸ் முன் சீட்டில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். புவாத் சேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இதுல உண்மையா தெனமும் போறவங்க எத்தன பேரு?"

"இருக்கிற எல்லாருமே சேர். பள்ளிக்கூடப் புள்ளைகளே ஒம்பது. கடையில வேல செய்யிறவங்க, டவுன்ல தைக்கப் போறவங்க..."

"இத நீங்க முதல்லயே சொல்லியிருந்தா அப்படியே எழுதியிருப்பேன். அந்தப் புள்ள என்கிட்ட பல்லு நோவுன்னு சொல்லிச்சு. இப்ப ஸ்கூல்னு சொல்றீங்க. நான் எத எழுதுறது? கையில அத்தாட்சி உள்ளது யாருக்கு?"

நான் ரமேஸின் கிளினிக் கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். செவ்வாய், வெள்ளி என்று ஆஸ்பத்திரி முத்திரையோடு இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக எழுதினார். எட்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரிக்குள் போனோம். ஒன்பது மணிக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. வெளியே மர வாங்கில் உட்கார்ந்து, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழுதேன். அன்றைக்கு அவர் பிழைத்தார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. துஷாந்த் அதை பஸ்ஸின் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்தான். நோயாளர் ஒருவரின் வசதி கருதி, நெல்லிமலை பஸ் இனிச் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஓடும்.

மற்ற நாள் இல்லை.  என் புருஷனுக்கு பஸ் கிடைத்துவிட்டது. மற்ற எல்லாருக்கும் போய்விட்டது. என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் திருப்பித் திட்டவும் தயாராக இருந்தேன். ஒருவரும் திட்டவில்லை. பாக்கியலெட்சுமி அக்கா தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "ரமேஸுக்குக் கெடச்சிருச்சில்ல சுதா? அது போதும்." அவள் குத்திப் பேசவில்லை. மனசாரத்தான் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு எங்கள் லயத்துக்குக் கீழே பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒன்பது பேர் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். டவுனுக்கு ஏழு கிலோமீட்டர். மழைக் காலம் வந்தால் மலைக் குறுக்கில் காலில் ஏறும் அட்டை மட்டுமில்லை, மண்ணும் சரிந்து வரும். முன்னால் ஜெயந்தினி டோர்ச் பிடித்துக்கொண்டு போனாள். என்னைக் கண்டதும் நின்றாள்.

"ரமேஸ் மாமா எப்பிடி இருக்காரு டீச்சர்?"

"இருக்காரு" என்றேன். 

புதன்கிழமை அவர்களுக்கு முன்பே மதகுக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். கையில் புதுக் கொப்பி. வியாழன் போவேன், திங்கள் போவேன், ஒரு மாதம் போவேன். நடந்து போகிற ஒவ்வொருவர் பெயரும் நேரமும் எழுதி, அவரவர் கையெழுத்தும் வாங்கி, அந்தக் கொப்பியோடு நானே பதுளை டிப்போவில் போய் நிற்பேன். அத்தாட்சி எங்கே என்று புவாத் சேர் கேட்டாரே. நம்புவார்களா? தெரியாது. பொய் சொன்ன டீச்சரின் கொப்பி என்று தூக்கிப் போடவும் கூடும். அந்தப் பயம் என்னை இன்னும் விடவில்லை.

டோர்ச் வெளிச்சம் வளைவில் தெரிந்தது. ஜெயந்தினியை நிறுத்தி, கொப்பியை முழங்காலில் விரித்தேன். பெயரை எழுதினேன். நேரம் எழுதினேன். ஐந்து பத்து.

"எங்க போறே?" என்று கேட்டேன்.

அவள் டோர்ச்சைத் தாழ்த்தினாள். பின்னால் வந்த பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன சொல்லணும் டீச்சர்?" என்றாள்.