இடப்பக்கத்துப் படி

என் தம்பிக்கு இடது கண் தெரியவில்லையோ என்ற சந்தேகம் எனக்கு அன்று காலையில்தான் வந்தது. வந்த பிறகு எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

எனக்கு டீ ஊற்றுகிறேன் என்று டம்ளருக்குப் பக்கத்தில் மேஜை மேல் ஊற்றினான். ஊற்றிவிட்டுச் சிரித்தான். தூக்கக் கலக்கமாம். அந்தச் சிரிப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், எதையாவது உடைத்துவிட்டு வந்தால் சிரிக்கிற சிரிப்பு. மேஜையைத் துடைக்கும்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போன வாரம் வேனின் இடப்பக்கத்தை கேட் தூணில் உரசிவிட்டு, தூண் சாய்ந்திருக்கிறது என்றான். அதற்கு முன்னால், பாதையின் இடது ஓரத்தில் வைத்திருந்த ரோஜாத் தொட்டிகள் ஒரு வரிசை முழுக்க டிராக்டர் சக்கரத்தில் நசுங்கிக் கிடந்தன. நாய் பாதைக்கு உருட்டிவிட்டது என்றான். நானும் நம்பி அந்த வாயில்லா ஜீவனை அரை மணி நேரம் திட்டித் தீர்த்தேன்.

நாங்கள் செடி வளர்த்து விற்கிறவர்கள். விதை போடுவது, தண்ணீர் விடுவது, வாங்க வருகிறவர்களோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் என் வேலை. சக்கரம் வைத்த எதுவானாலும் அவன் வேலை. பழைய சின்ன டிராக்டர் ஒன்று வாங்கியிருந்தோம். முன்னால் தூக்கும் லோடர் கைகளோடுதான் வந்தது, ஆனால் அந்தக் கைகளில் மாட்டியிருந்த பக்கெட் அடி இற்றுப்போய், மண்ணை அள்ளினால் பாதி வழியிலேயே கொட்டிவிடும். இப்போது ஒரு கம்பெனி தன் காம்பவுண்டுக்குள் வைக்க, பெரிய தொட்டிகளில் வளர்ந்த மரங்களைக் கேட்டிருந்தது. ஒவ்வொரு தொட்டியும் நாலு பேர் சேர்ந்தாலும் அசையாது. அதற்காகத்தான் அன்று லோடரில் மாட்டுகிற சாமான் ஒன்று வாங்கக் கிளம்பினோம். ஒன்றுதான் வாங்க முடியும், அதனால் எல்லா வேலைக்கும் ஆகிறதாகப் பார்க்க வேண்டும்.

இதிலும் எனக்கு ஒரு நெருடல். மாதக்கணக்காக ஃபோர்க், ஃபோர்க் என்று என் உயிரை வாங்கியவன் அவன். இரண்டு இரும்புக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும், மரப்பலகைத் தட்டுக்கு அடியில் விட்டு அப்படியே தூக்கலாம், தொட்டிக்கு அதைவிட்டால் வேறு கிடையாது என்று கனவில்கூடப் பேசியிருப்பான். இந்த வாரம் திடீரென்று, ஃபோர்க் வேண்டாம், பெரிய பக்கெட் போதும் என்கிறான். ஏன்டா என்றால், அதுதான் எல்லாத்துக்கும் ஆகும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

எனக்குப் பயம் அவனைப் பற்றி மட்டும் இல்லை. அவனுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். டிராக்டர் சத்தம் கேட்டால் போதும், எங்கே இருந்தாலும் ஓடி வருவாள். எங்கள் வண்டியில் ஏறுகிற படி இடப்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. பெரிய சக்கரத்தை ஒட்டின அந்தப் படிக்கு நேராக ஓடி வந்து, "அப்பா, நானும்" என்று கையைத் தூக்குவாள். அவன் ஒரு கையால் அள்ளி மடியில் வைத்துக்கொள்வான். ரோஜாத் தொட்டிகள் நசுங்கியதும் அதே பக்கம்தான்.

நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் சிரிப்பான், ஒரு கதை சொல்வான், நானும் நம்புவேன். உண்மையைச் சொன்னால், ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு எதிலும் மனசு ஒட்டாது.

வேனில் அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். வழி நெடுக நான் சாலையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தேன். சந்தைத் திருப்பத்தில் இடது ஓரமாக ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். வேன் அவரை நெருங்கிக்கொண்டே போனது. நான் "சைக்கிள்" என்றேன். வண்டியை வெடுக்கென்று ஒடித்துவிட்டு, தெரியுது தெரியுது, நீ ஓட்ட வந்துட்டியா என்று எரிந்து விழுந்தான். கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்த கை அதன் பிறகு விட மாட்டேன் என்றது.

கடை என்றால் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகையும் முன்னால் ஒரு மைதானமும். கடைக்காரருக்கு வாய் மூடாது. பத்து வார்த்தை பேசினால் ஒன்பது வியாபாரம், ஒன்று உண்மை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு அவரிடம் ஏமாற்றம் இல்லை. வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்தார். வாயைப் பிளந்து கவ்வுகிற இடுக்கி ஒன்று, வெட்டிப்போட்ட கிளைகளை அள்ள நன்றாக இருக்கும், ஆனால் அதற்குத் தனியாக ஆயில் குழாய் இழுக்க வேண்டும். அடுத்தது, தம்பி கேட்ட பக்கெட். மண் அள்ளும், தரை நிரவும், நடுவில் பிளந்து கவ்வவும் செய்யும். தம்பி அதைத் தட்டிப் பார்த்து, இதுதான், இதையே ஏற்றிவிடலாம் என்றான்.

அங்கேதான் கடைக்காரர் அந்த ஒரு உண்மையைச் சொன்னார். சின்ன வண்டி தூக்குகிற அளவு சின்னது. மாட்டுகிற சாமானின் எடையையும் அதில் கழிக்க வேண்டும். இந்த பக்கெட்டே பாதியைத் தின்றுவிடும், பிறகு உங்கள் தொட்டியை எங்கே தூக்குவது? ஃபோர்க் லேசானது, வண்டியின் பின்னால் ஒரு கான்கிரீட் கட்டையைப் பாரமாகக் கட்டிக்கொண்டால் முன்பக்கம் கவிழாது, தேவைப்பட்டால் கொம்பு மேல் பலகை போட்டு உரமூட்டையும் ஏற்றலாம். இதையெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தவனே தம்பிதான். இப்போது அவரோடு சரிக்குச் சரி வாதம் செய்கிறான், வாதத்தில் சரக்கே இல்லை. எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. ஃபோர்க்கை மாட்டி ஓட்டிக் காட்டு, அப்புறம் வேண்டாம் என்று சொல், இல்லாவிட்டால் இங்கிருந்து நான் நகர மாட்டேன் என்று ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு போய்க் கடையின் சோதனை வண்டியில் ஏறினான். எங்கள் வண்டியின் அதே அளவுதான், அதிலும் படி இடப்பக்கம்தான்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சாமானை மாட்டியதும் அடியில் வலதும் இடதுமாக இரண்டு பூட்டுக் கம்பிகள் துளை வழியே வெளியே துருத்த வேண்டும். அதை ஓட்டுகிறவர்தான் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கடைக்காரர் தூக்க விடுவார். தம்பி வண்டியை நகர்த்தி ஃபோர்க்கைக் கொக்கியில் கோத்தான், பின்னுக்குச் சாய்த்தான், லிவரைத் தட்டினான். எல்லாம் கை தன்னால் செய்கிற வேலை, அதில் ஒரு குறையும் இல்லை. கடைக்காரர் வலப்பக்கம் நின்று கேட்டார். வலது வந்துடுச்சு என்றான். மூச்சு விடுவதற்குள் இடதும் வந்துடுச்சு என்றான்.

நான் இடப்பக்கம் இருந்தேன். வரவில்லை. கம்பி துளைக்குள்ளேயே நின்றுவிட்டது, அதன் வாயில் சேறு அடைத்திருந்தது. அவன் தலையைத் திருப்பவே இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் தூக்கினான். கடைக்காரர் முன்னால் போய், அங்கிருந்த ஒரு பலகைத் தட்டைக் காட்டி, வா வா என்று கையசைத்துக்கொண்டிருந்தார். கொம்புகள் அவர் இடுப்பளவு உயர்ந்தபோது ஃபோர்க்கின் இரும்புச் சட்டம் இடப்பக்கம் முறுக்கித் தொங்கியது. "நிறுத்துடா" என்று நான் போட்ட சத்தத்தில் கொட்டகையின் புறாக்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. கடைக்காரர் துள்ளி விலகினார். தம்பி நிறுத்தினான், நிதானமாகக் கீழே இறக்கினான்.

கடைக்காரர் வெளிறிப்போய் கம்பியைத் தள்ளுகிற ஸ்பிரிங்கைத் திட்டினார், சேற்றைத் திட்டினார், என்னிடம் மன்னிப்புக்கூடக் கேட்டார். தம்பி அவர் பக்கம் திரும்பி, நான் பார்த்தேன் அண்ணே, வெளியேதான் இருந்தது, தூக்கும்போது உள்ளே போயிருக்கும் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு வேறு. இத்தனை நடந்தும் சிரிக்கிறானே, இவனை வைத்துக்கொண்டு எங்கே போய் முட்டிக்கொள்வது?

எழுந்து நடந்தேன். இடப்பக்கப் படிக்கு நேராக, பெரிய சக்கரத்தை ஒட்டிப் போய் நின்றேன். கையை நீட்டினால் அவன் முழங்கால் தொடும் தூரம். ஒன்றும் பேசவில்லை.

அவன் என்னைப் பார்க்கவில்லை. வலப்பக்கமாகவே தலையைத் திருப்பி, "எங்கண்ணே எங்க அக்கா? கோவிச்சுக்கிட்டு வேனுக்குப் போயிட்டாளா?" என்று கேட்டான். கடைக்காரர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், வாய் மூடாத மனுஷன் வாயடைத்து நின்றார். தம்பி தோளைக் குலுக்கிக்கொண்டு கியரைப் போட்டான். வண்டி பின்னால் நகர்ந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தான். என் பாதத்துக்குப் பக்கத்தில் மண் நெரிகிற சத்தம் கேட்டது.

நான் விலகவில்லை. இன்ஜின் சத்தத்துக்கு மேலாக, அவன் மகள் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

"அப்பா, நானும்."

வண்டி குலுங்கி நின்றது. இன்ஜின் அணைந்தது. அவன் மெதுவாகத் தலையை முழுக்க இந்தப் பக்கம் திருப்பி, முதலில் சக்கரத்தைப் பார்த்தான், பிறகு என் காலை, அதற்குப் பிறகுதான் என் முகத்தை. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"எப்பலேருந்துடா?"

"மழை ஆரம்பிச்சப்போ ஓரத்துல நிழல் மாதிரி வந்துச்சுக்கா. தானா போயிடும்னு பார்த்தேன். பரவிடுச்சு."

"யார்கிட்டயும் காட்டலையா?"

"காட்டுனா ஓட்டாதேம்பாங்க. பக்கெட்டுன்னா அகலமா இருக்கும், குறி பார்க்க வேண்டியதில்ல, எப்படியாவது சமாளிச்சிடலாம்னு நெனச்சேன்." பிறகு, "அவ ஓடி வர்றது எனக்கு ஞாபகமே வரலக்கா" என்றான். அதைச் சொல்லும்போது அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான்.

அறைந்துவிடலாம் போல இருந்தது. கையைக்கூட ஓங்கினேன். ஓங்கின கை அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான் அதால் முடிந்தது. இறங்குடா என்றேன். படியைக் காலால் துழாவித் துழாவி இறங்கினான். இத்தனை நாளில் எத்தனை தடவை வண்டியில் ஏறி இறங்கியிருப்பான், இதை ஒருமுறைகூட நான் கவனித்துத் தொலைக்கவில்லையே என்று இருந்தது.

கடைக்காரரிடம் ஃபோர்க்கைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன், யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது, பூட்டுக் கம்பியைச் சுத்தம் செய்து வைக்க வேண்டும். இன்று ஏற்றவில்லையா என்று கேட்டார். இன்று கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றேன். கேட்டைத் திறந்துவிட அவரே முன்னால் நடந்தார்.

தம்பி பழக்கத்தில் வேனின் வலப்பக்கக் கதவுக்குப் போனான். நான் கையை நீட்டினேன். சாவியைக் கொடுத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் ஏறினான். நான் வேன் ஓட்டிப் பல வருஷம் ஆகிறது, முதல் கியரே கரகரவென்று கத்தியது. வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

சந்தைத் திருப்பம் தாண்டினோம். பிறகு அவன்தான் ஆரம்பித்தான்.

"ஃபோர்க்க யாரு ஓட்டுவா?"

"நான்தான். நீ கீழ நின்னு, வலது வந்துடுச்சு இடது வந்துடுச்சுன்னு கிட்டப் போய்ப் பார்த்துச் சொல்லு. பாப்பா உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும்."

"ஆஸ்பத்திரில சரியாயிடும்னு சொன்னா?"

"அப்ப நீ ஓட்டு. நான் கீழ நின்னு திட்டுறேன்."

உம் என்றான். கொஞ்சம் தூரம் போனதும் தலையை என் பக்கம் திருப்பி, வெகு நேரம் பார்த்தான். இப்போது நான் அவனுக்கு வலப்பக்கம் இருந்தேன்.

"இப்பதான்க்கா உன் மூஞ்சி நல்லாத் தெரியுது," என்றான். "அழுதியா?"

"ஆமாண்டா, அழுதேன். காலையிலேருந்து உன் பக்கத்துலயே உக்காந்துதான் அழுதுக்கிட்டிருக்கேன்," என்று சொல்லிவிட்டு இரண்டாவது கியரைத் தேடினேன்.